சமையல்காரனின் வால்ட்ஸ்

இந்தப் பாட்டு யாருடையது என்று கேட்டால் நேராகப் பதில் சொல்லும் ஒரு மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. நான் கேட்டது ஒன்றும் பெரிய கேள்வியும் அல்ல. எங்கள் கச்சேரிகளில் ஓர் உருப்படியை வாசிப்பதற்கு முன் என்ன ராகம், என்ன தாளம், யார் இயற்றியது என்று சபைக்குச் சொல்வது வழக்கம். அந்த மூன்று விஷயத்தையும் சோடியாகச் சுழன்று ஆடும் ஒரு பிரெஞ்சுக் கனேடிய வால்ட்ஸுக்குக் கண்டுபிடிக்கப் போய் நான் நாய் படாத பாடு பட்டேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் மகளின் வாய். அவள் கட்டிக்கொண்ட பையன் கியூபெக்கில் ஓர் ஆற்றங்கரை ஊரைச் சேர்ந்தவன். பிரெஞ்சு பேசும் குடும்பம். அந்த வீட்டில் எந்த ஆண்பிள்ளைக்குக் கல்யாணம் நடந்தாலும், மாப்பிள்ளையும் அவனுடைய தாயும்தான் முதலில் ஆட வேண்டும். அதுவும் ஒரே ஒரு குறிப்பிட்ட வால்ட்ஸுக்குத்தான்; மற்றச் சோடிகள் பிறகுதான் வந்து சேரலாம். அவர்கள் ஆடி முடிக்கும்வரை கேக்கில் கத்தி படக்கூடாது. மாப்பிள்ளையின் தகப்பன்தான் இவ்வளவு காலமும் சொந்தக்காரர் கல்யாணங்களில் அதைப் பிடிலில் வாசித்து வந்தவர். அவர் கல்யாணத்துக்கு முந்திய பனிக்காலத்தில் இறந்துபோனார். மாப்பிள்ளையின் தங்கை நன்றாக வாசிப்பாளாம். ஆனால் அப்பா இல்லாமல் அந்தப் பாட்டைத் தொடமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள். வெளியாள் ஒருவரைக் காசுக்குப் பிடித்து வாசிக்க விடுவதில் தாய்க்கு விருப்பமில்லை. தாய் என்றால் என் சம்பந்தி. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் மகள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றாள்.

"அம்மா வயலின் ரீச்சர்தானே, அவா வாசிப்பா எண்டு சொல்லிட்டன்."

"எனக்கு உந்த இங்கிலீஷ் பாட்டெல்லாம் வராது."

"இங்கிலீஷ் இல்லை அம்மா, பிரெஞ்ச். சிம்பிள் மெலடி. யூ கேன் டூ இட்."

சிம்பிள் மெலடி என்று யாராவது சொன்னாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் வார இறுதிகளில் வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். வார நாட்களில் ஒஷாவாவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. இரண்டுக்கும் நடுவில் கல்யாண வேலை தலைக்கு மேல் கிடந்தது. தாலிக்கொடி, மண்டபம், சேலை, ஐயர், அதற்குள் இந்த வால்ட்ஸ்.

சம்பந்தியின் கைபேசியில் ஒரு வீடியோ இருந்தது. யாரோ ஒருவருடைய கல்யாணத்துக்கு முதல் நாள், சமையலறையில் கணவர் வாசித்தது. பாட்டை இரண்டு தடவை முழுதாக வாசித்திருந்தார். மகள் அதை எனக்கு அனுப்பப் போனபோது நான்தான் தடுத்தேன். படம் வேண்டாம், சத்தத்தை மட்டும் அனுப்பு என்றேன். படம் பார்த்துக்கொண்டு கேட்டால் காது சோம்பேறியாகிவிடும் என்பது என் எண்ணம். என் மாணவர்களையும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்கச் சொல்வேன்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். சங்கராபரணத்தின் சாயல். நல்ல மெட்டு என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். மேலே ஏறும்போது ஒரு சிரிப்பும் இறங்கும்போது ஒரு பெருமூச்சும் அதில் இருந்தன. மூன்று மூன்றாக எண்ணி, கையில் தாளம் போட்டு, ஸ்வரம் எழுதிக்கொண்டு வந்தேன். எல்லாம் ஒழுங்காகப் போனது. இரண்டாம் பகுதி முடிகிற இடத்தில் மட்டும் இரண்டு தட்டுக் கூடிவிட்டது. திரும்பவும் எண்ணினேன். கூடத்தான் இருந்தது. மனிதர் வில்லை நிறுத்திவிட்டு ஏதோ யோசித்தவர் போல நின்று, பிறகு தொடங்கினார்.

எனக்கு மிருதங்கம் வாசிக்கும் அண்ணையிடம் போட்டுக் காட்டினேன். கனடாவுக்கு வந்த காலத்திலிருந்து சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே மாடியில் இருப்பவர். தாளம் தப்பினால் பெற்ற பிள்ளையையும் மன்னிக்க மாட்டார்.

"தங்கச்சி, மனுசன் தாளத்தை விட்டிட்டார்" என்றார். "வீட்டுக் குசினிக்கை இருந்து வாசிக்கிறார், ஒரு கிளாஸ் போட்டிருப்பார். பாவம், விடு. நாங்கள் திருத்தி வாசிப்பம்."

திருத்தினோம். கூடுதலாக நின்ற இரண்டு தட்டையும் வெட்டி எறிந்தோம். பாட்டு சதுரமாக, அழகாக, எங்கள் வீட்டுப் பிள்ளை போல வந்து உட்கார்ந்தது. எங்கள் ஆட்கள் எவரிடம் கொடுத்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

இனி இயற்றியவர் யார் என்ற கேள்வி. மண்டபத்து அறிவிப்பாளர் எனக்கு இரண்டு வரி தாருங்கள், மைக்கில் சொல்ல வேண்டும் என்று ஆக்கினை பண்ணிக்கொண்டிருந்தார். மருமகனைக் கேட்டேன். அது தாத்தாவின் பாட்டு என்றான். அவனுடைய பெரியப்பாவைத் தொலைபேசியில் பிடித்தேன். தாத்தாவின் அப்பா காட்டில் மரம் வெட்டும் முகாமுக்குப் போயிருந்த காலத்தில், அங்கே சோறு போட்ட சமையல்காரனிடம் கேட்டுப் பழகியது, அதனால் எங்கள் வீட்டில் அதற்குச் சமையல்காரனின் வால்ட்ஸ் என்றுதான் பெயர் என்றார். சரி, அந்தச் சமையல்காரன் எங்கே பழகினான்? ஐரிஷ்காரன் என்று ஒரு கதை. இல்லை, ஸ்கொட்லாந்துக்காரனிடம் பழகிய பிரெஞ்சுக்காரன் என்று இன்னொரு கதை. பெரியப்பாவின் மனைவி பின்னால் நின்றுகொண்டு, சமையல்காரனே கிடையாது, அது பிரான்சிலிருந்து கப்பலில் வந்த பாட்டு என்று கத்தினார். நான் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருக்க, அவர்கள் இருவரும் பிரெஞ்சில் சண்டை பிடித்தார்கள்.

இணையத்தில் தேடினேன். அங்கே இதைவிடப் பெரிய சண்டை. கடைசியில் டவுன்டவுனில் பிடில்காரர்கள் வாரா வாரம் கூடி வாசிக்கும் ஒரு மதுக்கடைக்கு என் கணவரையும் இழுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த தாடிக்காரர் ஒருவர் நான் முனகிக் காட்டியதைக் கேட்டுத் தலையாட்டினார். இந்த மெட்டு ஊருக்கு ஊர் வேறு வேறு பெயரில் இருக்கிறது, யாரிடம் கேட்டுப் பழகினார்களோ அவருடைய பெயரையே பாட்டுக்கு வைத்துவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம் என்றார்.

"அப்படியென்றால் முதன்முதல் போட்டவர் யார்?" என்று கேட்டேன்.

"முதன்முதல் என்று ஒன்று எதற்கு?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

எனக்கு அந்த மேசையைத் தூக்கி அவர் தலையில் போடலாம் போல இருந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் கணவர் வேறு, "இஞ்சாரும், நாங்கள் இந்த வயலினை வெள்ளைக்காரனிட்டை இருந்து எடுத்தனாங்கள்தானே. அதை முதல் செய்தவன்ரை பேரைச் சொல்லிப்போட்டே நீர் கச்சேரி தொடங்கிறனீர்?" என்று கேட்டார். நான் கார்க் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் சம்பந்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்குப் பிரெஞ்சு நன்றாக வரும், ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வரும். அவர் சொன்னதையெல்லாம் நான் தமிழில் எழுதுகிறேன், அவ்வளவுதான். இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு முடிந்ததும், குசினியில் பாய் விரித்து உட்கார்ந்து, வயலினைக் காலில் ஊன்றிக்கொண்டு நான் வாசிக்கத் தொடங்கினேன். என் கணவர் இளமையில் கொழும்பில் வேலை பார்த்தவர். பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களில் வால்ட்ஸ் ஆடிப் பழகியவர் என்று தனக்குத்தானே பட்டம் கொடுத்துக்கொண்டவர். அவர் எழும்பிப் போய்ச் சம்பந்தியின் முன்னால் கையை நீட்டினார். அவரும் சிரித்துக்கொண்டு எழுந்தார்.

இருவரும் நன்றாகத்தான் சுழன்றார்கள். இரண்டாம் பகுதியின் முடிவுக்கு வந்ததும் சம்பந்தியின் கால் தடுமாறியது. என் கணவரின் காலில் மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் தடுமாறினார். மூன்றாவது தடவை பாதியில் நின்று, கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"மிக அழகு" என்றார் என்னைப் பார்த்து. "மிக மிக அழகு. நன்றி."

எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் போன பிறகு என் கணவர் காலைத் தடவிக்கொண்டே, "மனுசிக்கு ஆடத் தெரியாது" என்று தீர்ப்புச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து மகள் அழுதுகொண்டு வந்தாள். சம்பந்திக்கு முழங்கால் நோகிறதாம். ஆட மாட்டாராம். நேரடியாகக் கேக்கை வெட்டிவிடுங்கள் என்று மகனிடம் சொல்லிவிட்டாராம்.

"அவவுக்கு முழங்கால்லை ஒண்டும் இல்லை அம்மா. போன கிழமை காட்டு ட்ரெயிலிலை நடந்து போட்டோ போட்டவா. இவர் ஒரு கதையும் இல்லாமல் இருக்கிறார். அப்பா போன பிறகு அவர் கேட்டது இது ஒண்டுதான், அம்மாவோடை அந்த டான்ஸ். அவா இஞ்சை வந்திட்டுப் போனதுக்குப் பிறகுதான் இப்பிடி. வாட் டிட் யூ டூ?"

"நான் என்னடி செய்தனான்? பிழையாக் கிடந்ததைத் திருத்தி வாசிச்சனான்!"

"என்ன பிழை?"

சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு என் கைபேசிக்கு முழு வீடியோவையும் அனுப்பிவிட்டுக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனாள். தன் கல்யாணத்துக்கு ஓசியில் வாசிக்கும் தாய்க்குக் கிடைத்த மரியாதை அது.

அடுத்த நாள் ஒஷாவாவில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், காருக்குள் இருந்து அந்த வீடியோவைப் பார்த்தேன். மனிதரை அன்றுதான் முதன்முதல் பார்க்கிறேன். பெரிய உடம்பு, சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். சமையலறைக் கதிரையில் உட்கார்ந்து, சப்பாத்துக் குதியால் தரைவிரிப்பில் சத்தம் கேளாமல் தட்டிக்கொண்டு வாசித்தார். நான் அந்தக் குதியைப் பார்த்தேன். ஒன்று இரண்டு மூன்று என்று கடிகாரம் போல விழுந்துகொண்டிருந்தது. அந்த இடம் வந்தது. வில் நின்றது. குதி நிற்கவில்லை. மெதுவாக இரண்டு தட்டுத் தட்டியது, வில் திரும்ப இறங்கியது. இரண்டாவது சுற்றிலும் அப்படியே. தாளத்தை விட்டவனுடைய கால் அப்படித் தட்டாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு மிருதங்கம் அண்ணை தேவையில்லை.

இன்னொன்றும் இருந்தது. வில் நின்ற அந்த இடத்தில் அவர் தாடையைப் பிடிலிலிருந்து எடுத்து, நிமிர்ந்து, படத்துக்கு வெளியே எங்கோ பார்த்தார். இரண்டு தடவையும் அதே பக்கம். கையிலிருந்த சோற்றுப் பெட்டியை மூடி வைத்துவிட்டுச் சம்பந்திக்கு அழைப்பு எடுத்தேன்.

"அந்த இடத்தில் அவர் எங்கே பார்க்கிறார்?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது.

"என்னைத்தான்" என்றார். "நான் அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றேன்."

பிறகு அவர் சொன்னார். பிடில் வாசிக்கிறவன் பெண்டாட்டிக்கு ஒரு நாளும் புருஷனோடு ஆடக் கிடைக்காது. கல்யாணங்களில் அவர் மைத்துனர்மாரோடு ஆடியிருக்கிறார், ஊர்ப் பாதிரியாரோடுகூட ஆடியிருக்கிறார். கணவரோடு ஒரே ஒரு தடவைகூட இல்லை. கணவர் எப்போதும் கதிரையில், வில்லோடு. ஆனால் அந்த வால்ட்ஸில் அந்த இடம் வரும்போது கணவர் வில்லைத் தூக்கிவிட்டு, இவர் எந்த மூலையில் ஆடிக்கொண்டிருந்தாலும் தேடிப் பார்ப்பாராம். இவரும் ஒற்றைக் காலில் நின்று திரும்பிப் பார்ப்பாராம். கூட ஆடுகிறவன் காத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நாளடைவில் அந்தக் குடும்பமே அந்த இடத்தில் நின்று ஆடப் பழகிவிட்டது.

"எங்கள் டான்ஸ் அவ்வளவுதான்" என்றார். "நீங்கள் வாசித்ததில் அது இல்லை. மகனோடு ஆடும்போது அந்த இடம் நில்லாமல் போய்விட்டால் நான் அழுதுவிடுவேன். அவனுடைய கல்யாணத்தில் நான் அழக்கூடாது."

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அதைவிடக் கோபமாகவும் இருந்தது. ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் இவ்வளவு கஷ்டப்பட்டு வாசித்தீர்கள், அதைப் பிழை என்று எப்படிச் சொல்வது என்றார். மரியாதையாம்! எங்கள் ஆட்களாக இருந்தால் இடியப்பத்தை விழுங்குவதற்கு முன்பே, என்னப்பா இது, கர்ண கடூரமாய்க் கிடக்கு என்று முகத்துக்கு நேரே சொல்லியிருப்பார்கள். எனக்கும் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

அந்த இடைவெளியை உங்கள் கணவர்தான் வைத்தாரா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இல்லை, மாமனாரும் அப்படித்தான் வாசித்தார் என்றார். மாமனார் ஏன் வைத்தார்? தெரியாது. பெரியப்பாவைக் கேட்டால், அந்தச் சமையல்காரன் அந்த இடத்தில் வில்லை வைத்துவிட்டு அவரைக்கொட்டைப் பானையைக் கிண்டுவானாம் என்றார். அவருடைய மனைவி பின்னாலிருந்து, சமையல்காரனே கிடையாது என்றார். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

இனி அண்ணையைச் சமாளிக்க வேண்டும்.

"அந்த ரெண்டு தட்டுக்கும் நான் என்ன வாசிக்கிறது?" என்று கேட்டார்.

"ஒண்டும் வாசிக்காதேங்கோ அண்ணை. சும்மா இருங்கோ."

"சும்மா இருக்கிறதுக்கு நான் ஏன் மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு சப்வே ஏறி வாறன்? வீட்டிலையே சும்மா இருக்கலாமே."

ஒத்திகை முழுக்க அவருடைய விரல்கள் அந்த இடத்தில் தோலை விட்டுத் தள்ளி, நாய்க்குட்டி மாதிரித் துடித்துக்கொண்டிருந்தன. எனக்கும் அப்படித்தான். வாசித்துப் பழகிய கைக்கு வாசிக்காமல் நிற்பதுபோலக் கஷ்டம் வேறு இல்லை. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிப் பழகினேன்.

கல்யாணத்தன்று மாலை, மண்டபத்தில் அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார். இயற்றியவர் பெயருக்கு நான் அவரிடம் ஒன்றும் கொடுக்கவில்லை. அவராகவே, மாபெரும் கனேடிய இசைமேதை ஒருவரின் படைப்பு என்று அடித்துவிட்டார். கியூபெக் மேசையிலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. நான் மேடையில் சம்மணம் கட்டி உட்கார்ந்து வில்லை எடுத்தேன்.

சம்பந்தி வந்திருந்தார். முழங்காலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மகனின் தோளில் கையை வைத்து ஆடத் தொடங்கினார். முதல் சுற்றில் அந்த இடம் வந்ததும் நான் வில்லைத் தூக்கினேன். அண்ணை பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். தாயும் மகனும் ஒற்றைக் காலில் நின்றார்கள். தாய் தரையைத்தான் பார்த்தார். ஒன்று, இரண்டு. வில் இறங்கியது. சரியாக வந்துவிட்டது என்று எனக்கு நிம்மதி.

இரண்டாவது சுற்றில் அதே இடம். வில்லைத் தூக்கினேன், நிமிர்ந்தேன். இந்தத் தடவை சம்பந்தி திரும்பி மேடையைப் பார்த்தார். என்னையல்ல. என் தலைக்குக் கொஞ்சம் மேலே, ஒரு பெரிய உடம்புக்காரன் கதிரையில் உட்கார்ந்திருந்தால் அவன் முகம் எங்கே இருக்குமோ அங்கே பார்த்தார். அவர் அழவில்லை. சிரித்தார். நான்தான் வில்லை இறக்க மறந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று.

"தங்கச்சி!" என்று அண்ணை மைக்கில் விழும்படி சொன்னார்.

மூன்று தட்டு நின்றுவிட்டேன். இத்தனை வருஷத்தில் மேடையில் தாளம் விட்டது அன்றுதான். அதுவும் சொந்த மகளின் கல்யாணத்தில், வீடியோக்காரர் நேராகக் கமராவைப் பிடித்திருக்கும்போது. கேக் வெட்டி முடியும்வரை அண்ணை என்னோடு கதைக்கவில்லை.

இந்தக் கோடையில் கியூபெக்கில் மருமகனின் பெரியப்பா மகனுக்குக் கல்யாணம். எங்களுக்குப் போகக் கிடைக்கவில்லை. மருமகன் அங்கிருந்து ஒரு வீடியோ அனுப்பினான். அவனுடைய தங்கை, தொடமாட்டேன் என்று நின்றவள், தகப்பனின் கதிரையில் இருந்து வாசிக்கிறாள். எல்லாரும் ஆடுகிறார்கள். அந்த இடம் வந்தது. எல்லாரும் ஒற்றைக் காலில் நின்றார்கள். நான் எண்ணினேன். மூன்று. அடுத்த சுற்றிலும் மூன்று. வீடியோவின் கீழே பாட்டின் பெயரைப் பிரெஞ்சில் எழுதியிருந்தார்கள். மகளிடம் என்னவென்று கேட்டேன். தமிழ்ச் சம்பந்தியின் வால்ட்ஸ் என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடனே சம்பந்திக்கு அழைப்பு எடுத்தேன்.

"அது பிழை" என்றேன். "இரண்டு தட்டுத்தான். மூன்று நான் விட்ட பிழை. உங்கள் மகளுக்குச் சரியானது தெரியும்தானே? என் பெயரை எடுத்துவிட்டுத் திருத்தி வாசிக்கச் சொல்லுங்கள்."

"அவளுக்குத் தெரியும்" என்றார் அவர். "மூன்றாக வாசிக்கச் சொன்னது நான்தான். இரண்டு தட்டில் அவரை நான் பார்க்கத் தொடங்கும்போதே முடிந்துவிடும். உங்களுடையதில் இன்னும் கொஞ்சம் நேரம் பார்க்கலாம்."

அண்ணையிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.